அறுபது லட்சம் வீட்டுக்குக் கையில் எவ்வளவு வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

முதன்முறையாக வீடு வாங்கப் போகும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு, வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற எமது பகுதி ஆசிரியர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் வேலை பார்க்கிறோம். மாடம்பாக்கத்தில் கட்டி வரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். எங்கள் சேமிப்பு 14 லட்சம். 20 சதவீதம் கையிலிருந்து போட்டால் மீதியை வங்கி கொடுத்துவிடும் என்று விற்பனை அலுவலகத்தில் சொல்கிறார்கள். இந்தப் பணம் போதுமா?
– வாசகி, சேலையூர்

பதில்: போதாது. விற்பனை அலுவலகத்தில் சொன்னது பொய்யல்ல. பாதிக் கணக்கு, அவ்வளவுதான். மீதிப் பாதியை நாம் போட்டுப் பார்ப்போம்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. எனவே உங்களுக்கு அதிகபட்சம் 48 லட்சம் கிடைக்கும். 12 லட்சம் உங்கள் கைப்பணம். இதுவரை அவர்கள் சொன்னது சரி. ஆனால் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் கொடுக்க அதே விதி அனுமதிப்பதில்லை. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனை, நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிவாகிறது. அந்த மதிப்பு 50 லட்சம் வரை இருந்தால் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம், அதற்கும் மேலே 9 சதவீதம். உங்கள் வீட்டுக்கு 7 சதவீதம் என்றால் 4 லட்சத்து 20 ஆயிரம். கட்டி முடித்துப் பணி நிறைவுச் சான்று பெறாத வீடு என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டியாக 3 லட்சமும் உண்டு. ஜிஎஸ்டியைச் சில வங்கிகள் விலையோடு சேர்த்துக்கொள்ளும், சில சேர்த்துக்கொள்ளா. விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு விடுங்கள்.

இனிச் சில்லறைகள். கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை ஒப்படைப்பதைப் பதிவு செய்ய வேண்டும்; வங்கிகளில் இதை எம்ஓடி என்பார்கள். கடன் தொகையில் அரை சதவீதம் தீர்வை என்ற வகையில் 24,000 ரூபாயும், அதற்கான பதிவுக் கட்டணமும் ஆகும். வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம் எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் வைப்புத்தொகை, பராமரிப்பு முன்பணம், சங்கத்தின் மூலநிதி என்று கட்டுநர் நீட்டும் பட்டியல் இரண்டு லட்சத்தை எளிதில் தொடும். சாவி வாங்கிய வீட்டில் கொசுவலை, ஜன்னல் கம்பி, சமையலறை அலமாரி, மின்விசிறி எதுவும் இருக்காது. எவ்வளவு சிக்கனமாகச் செய்தாலும் நான்கு லட்சம் ஆகும். பன்னிரண்டு, மூன்று, நான்கே கால், அரைக்குச் சற்று மேல், இரண்டு, நான்கு என்று கூட்டிப் பாருங்கள்: ஏறத்தாழ 26 லட்சம் வருகிறது. உங்களிடம் இருப்பது 14.

இடைவெளியைத் தனிநபர் கடனாலும் நகைக்கடனாலும் நிரப்பி விடலாம் என்று பலர் துணிகிறார்கள். வீடு கட்டி முடியும் வரை குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, வங்கி விடுவித்த தொகைக்கு மாதந்தோறும் வட்டி, அவற்றின் மேல் இந்தக் குறுங்கடன்களின் தவணை என்று மூன்றும் ஒரே சம்பளத் தேதியில் வந்து நிற்பதை என் மேசையில் நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் வாங்கிய வீட்டில் குடிபுகாமலே அதை வாடகைக்கு விட்டார்கள்.

வேறு வழி உண்டு. எல்லாம் சேர்த்து 45 லட்சத்துக்குள், சுவருக்குள் அளந்த உள்பரப்பு 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்குச் சென்னையில் ஜிஎஸ்டி ஒரு சதவீதம்தான். பதிவுச் செலவும் 6 சதவீதமாகக் குறைந்துவிடும். அப்போது கைப்பணம் 9 லட்சம், ஜிஎஸ்டி 45 ஆயிரம், பதிவு 2 லட்சத்து 70 ஆயிரம், மற்றவை ஐந்தரை லட்சம் என்று பதினேழே முக்கால் லட்சத்துக்குள் முடியும். 14 லட்சம் சேர்த்தவர்களுக்கு இது ஓராண்டுத் தொலைவு. 26 லட்சமோ மூன்று நான்கு ஆண்டுத் தொலைவு. கார் நிறுத்துமிடம், மன்றக் கட்டணம் என்று தனித்தனியாக எழுதி 45 லட்சத்தைத் தாண்டினால் அந்த ஒரு சதவீதச் சலுகை போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று. அவர்கள் சொல்லும் சதுர அடி, பொது இடங்களின் பங்கையும் சேர்த்த விற்பனைப் பரப்பா, உள்பரப்பா என்று கேளுங்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி வீடு உள்பரப்பின் அடிப்படையில்தான் விற்கப்பட வேண்டும். 950 சதுர அடி என்று விளம்பரத்தில் இருந்து உள்ளே 680 மட்டுமே இருந்தால், நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை சதுர அடிக்கு 6,300 அல்ல, 8,800.

கேள்வி: 60 லட்சத்துக்கு மேற்பட்ட விலையில் வீடு வாங்கினால் நாங்களே வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்கிறார்களே, இது கூடுதல் செலவா?
– வாசகர், ஆவடி

பதில்: வரம்பு 60 அல்ல, 50 லட்சம். கூடுதல் செலவும் அல்ல. விற்பவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையிலிருந்து ஒரு சதவீதத்தைக் கழித்து அவருடைய பான் எண்ணில் அரசுக்குக் கட்டுகிறீர்கள். கழித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கட்ட வேண்டும். படிவம் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். கணவனும் மனைவியும் பாதிப் பாதியாக வாங்கினால் தலைக்கு 50 லட்சம் வராதே என்ற கணக்கு எடுபடாது. மொத்த விலையைத்தான் பார்ப்பார்கள். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் ஒரு சதவீதம் பொருந்தாது, விகிதம் மிகவும் அதிகம். அத்தகைய வீட்டை ஆடிட்டரைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: குரோம்பேட்டையில் பதினெட்டு ஆண்டுப் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. வீட்டின் உரிமையாளர் காலமாகிவிட்டார். மனைவியும் இரு மகன்களும் கையெழுத்துப் போட வருகிறார்கள். வாரிசுச் சான்றும் வில்லங்கச் சான்றும் இருக்கின்றன. முன்பணம் கொடுத்துவிடலாமா?
– வாசகர், பல்லாவரம்

பதில்: சற்றுப் பொறுங்கள். இந்தக் கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒருவரைப் பற்றி முதலில் கேட்க வேண்டியிருக்கிறது: இறந்தவருடைய தாயார், மகன் இறந்த நாளில் உயிரோடு இருந்தாரா?

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் தாய்க்கும் சம பங்கு உண்டு. அந்தப் பாட்டி மகனுக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து இறந்திருந்தால், அவருடைய பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும், அதாவது விற்பவர்களின் அத்தைகளுக்கும் சித்தப்பாக்களுக்கும் போயிருக்கும். நான் பரிசீலித்த ஒரு விண்ணப்பத்தில் எல்லாத் தாள்களும் செம்மையாக இருந்தன. வாரிசுச் சான்றின் கடைசி வரியில் 'தாய்' என்று ஒரு பெயர் இருந்ததை வாங்குபவரோ தரகரோ கவனிக்கவில்லை. அந்த அம்மையார் காலமாகி, அவருடைய மூன்று மகள்கள் மூன்று ஊர்களில் இருந்தார்கள். தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்கி முடிக்க ஏழு மாதங்கள் ஆயின. நல்லவேளையாக முன்பணம் ஐம்பதாயிரத்தோடு நின்றிருந்தது. மகள்கள் இருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். கல்யாணம் செய்து கொடுத்தாகிவிட்டது என்பதால் அவர்கள் உரிமை போய்விடாது. குடும்பம் வேறு மதத்தைச் சேர்ந்தது என்றால் வாரிசுரிமை விதிகளும் வேறு.

அடுத்து வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல் பார்க்க முடிகிறது என்பதால், விற்பவர் கொடுத்த நகலோடு நிற்காமல் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கம். இறந்தவர் வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் அதில் ஓர் ஒப்படைப்புப் பதிவு இருக்கும். கடன் அடைந்தபின் அதற்கு எதிராக ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். கடனைக் கட்டி முடித்த மகிழ்ச்சியில் இந்த ரசீதைப் பதிவு செய்ய மறந்தவர்கள் ஏராளம். அது இல்லாமல் உங்கள் வங்கி கடன் தராது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். நீதிமன்ற வழக்கு, பதியாத உயில், வாய்மொழிப் பாகம் எதுவும் தெரியாது. ஆகையால் அக்கம்பக்கத்து வீட்டாரிடம் பேச்சுக் கொடுப்பதும் ஆவணப் பரிசோதனையின் ஒரு பகுதிதான்.

பழைய அடுக்குமாடி வீட்டில் நீங்கள் உண்மையில் வாங்குவது யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கைத்தான். கட்டடம் தேயும், நிலம் தேயாது. ஆறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில், ஆறு கிரயப் பத்திரங்களிலும் எழுதியிருந்த பங்கைக் கூட்டிப் பார்த்தபோது மனையின் பரப்பைவிட 110 சதுர அடி அதிகமாக வந்தது. அது போதாதென்று, கட்டியவர் மொட்டைமாடியில் போட்ட ஏழாவது அறைக்கும் ஒரு பங்கு எழுதி விற்றிருந்தது பிறகு தெரிந்தது. அண்டை வீட்டாரின் பத்திர நகல்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள்; அரை மணி நேர வேலைதான்.

செலவைப் பொறுத்தவரை, மறுவிற்பனைக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் புதிய வீட்டுக்கான சலுகையும் கிடையாது. தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம். வங்கியின் மதிப்பீட்டாளர் பழைய கட்டடத்துக்குப் பேசிய விலையைவிடக் குறைத்துத்தான் போடுவார் என்பதால், கடன் தொகையை உறுதி செய்துகொண்டபின் முன்பணத்தைப் பேசுங்கள். விலையில் ஒரு பகுதியைப் 'பத்திரத்தில் காட்ட வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள்' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுபவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. நீங்கள் பின்னாளில் விற்கும்போது, காட்டாத அந்தத் தொகை உங்கள் லாபமாகக் கணக்கிடப்பட்டு அதற்கும் வரி கட்ட நேரும்.

கேள்வி: 48 லட்சம் கடனை 30 ஆண்டுக்குப் போட்டால் தவணை குறைவாக இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கணக்குக்கு 8 சதவீத வட்டி என்று கொள்வோம். 15 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 45,900. 20 ஆண்டுக்கு 40,150. 30 ஆண்டுக்கு 35,200. இருபதுக்கும் முப்பதுக்கும் தவணையில் வித்தியாசம் ஐயாயிரம் ரூபாய்க்குள். மொத்த வட்டியிலோ இருபது ஆண்டில் 48 லட்சம், முப்பது ஆண்டில் சுமார் 79 லட்சம். மாதம் ஐயாயிரம் மிச்சப்படுத்த முப்பது லட்சம் கொடுக்கிறோம்.

ஆனாலும், முதல் குழந்தை பிறக்கப் போகிறது, ஒருவர் சம்பளம் இரண்டாண்டு நிற்கும் என்பது போன்ற நிலையில் நீண்ட காலத்தை எடுத்துவிட்டுப் பிறகு கூடுதலாகக் கட்டுவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்கக்கூடாது. இருபது ஆண்டுக் கடனில் ஆண்டுக்கு ஒரு தவணை அதிகம் கட்டினாலே மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறையும். போனஸ் வரும் மாதத்தில் இதைச் செய்துவிடுங்கள். செலவாகிவிட்ட போனஸ் திரும்பி வராது.

வட்டி ஏறும்போது வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடுவது வழக்கம். 2023இல் ரிசர்வ் வங்கி பிறப்பித்த வழிகாட்டுதலின்படி, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கடன் கொடுக்கும் நாளில் மொத்தப் பிரீமியத்தையும் கடனில் சேர்த்து ஒரு காப்பீட்டை நீட்டுவார்கள். அந்த வங்கி சொல்லும் பாலிசியையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியாக ஒரு டேர்ம் காப்பீட்டை, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீட்டை, எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மலிவு.

கேள்வி: மனைவி பெயரில் பதிவு செய்தால் செலவு குறையுமா? பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் மானியம் கிடைக்குமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பெண்கள் பெயரில் பதிவாகும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை உண்டு, சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வீட்டுக்குச் சேமிப்பு என்ற காரணத்துக்காகப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆனால் இருவரும் தவணை கட்டும் வீட்டில் இருவர் பெயரும் இருப்பதே முறை.

மத்திய அரசின் நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்கும், நாட்டில் எங்கும் சொந்த வீடு இல்லாத குடும்பத்துக்கு, 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டின் மேல் 25 லட்சம் வரை வாங்கும் கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் என்று வகுத்திருக்கிறார்கள். அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து தவணைகளில் கடன் கணக்குக்கு வரும். வந்தால் அசலைக் குறைக்கட்டும். வரும் என்று நம்பி முன்பணக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பதில் கூடுவாஞ்சேரிப் பக்கம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டுப் பின்னர் கட்டிக்கொள்ளலாமா? உரிமையாளர் வெளியூரில் இருப்பதால் அவரிடம் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் பத்திரம் போட்டுத் தருகிறார்.
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: வேண்டாம். சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இல்லாத மனைப்பிரிவுக்குப் பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை மாற்றாகாது. 2016 அக்டோபர் 20க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டுமே வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. விற்பவர் வரன்முறை ஆணையைக் காட்டினால் அதன் எண்ணை அலுவலகத்தில் சரிபார்த்தபின் மேலே பேசுங்கள். காட்டாவிட்டால் அந்த மனைக்குக் கடனும் கிடைக்காது, வீடு கட்டத் திட்ட அனுமதியும் கிடைக்காது.

பவர் மூலம் விற்பனை சட்டப்படி செல்லும். ஆனால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரைதான் அது செல்லும். அதனால்தான் பதிவின்போது அவர் உயிரோடு இருப்பதற்கான மருத்துவச் சான்றைக் கேட்கிறார்கள். வெளியூரில் இருக்கிறார் என்றால் ஒரு வீடியோ அழைப்பில் நீங்களே அவரிடம் பேசி, விலையை அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். பவர் ஏஜென்ட் சொன்ன விலையும் உரிமையாளருக்குத் தெரிந்த விலையும் வெவ்வேறாக இருந்த பேரங்களை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: கோவையில் 18,000 வாடகையில் இருக்கிறோம். இதே போன்ற வீடு 75 லட்சம். வாடகை வீண் என்று அப்பா சொல்கிறார். வாங்குவது சரியா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தந்தையின் காலத்து வீட்டு விலைக்கும் வாடகைக்கும் இருந்த உறவு இன்று இல்லை. உங்கள் வாடகை ஆண்டுக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். 75 லட்சத்தில் அது மூன்று சதவீதம்கூட இல்லை. 60 லட்சம் கடன் வாங்கினால் 8 சதவீதத்தில் முதல் மாத வட்டி மட்டுமே 40,000. வாடகை வீண் என்றால் வட்டியும் அதே வகைதான். மறுவிற்பனை வீடானால் நுழைவுச் செலவாக ஒன்பது சதவீதமும் சேரும். ஐந்தாறு ஆண்டுக்குள் வேலை நிமித்தம் ஊர் மாற வாய்ப்பிருந்தால் வாடகையிலேயே இருங்கள். பிள்ளையின் பள்ளி, இருவரின் வேலை, வயதான பெற்றோர் எல்லாம் கோவையில் வேரூன்றிவிட்டன என்றால் கணக்கு சற்று இடித்தாலும் வாங்கலாம். அது முதலீடு அல்ல, குடியிருப்பு. தந்தையாரிடம் வட்டிக் கணக்கைக் காட்டுங்கள், கோபப்பட மாட்டார்.

கேள்வி: எந்த மாதத்தில் வீடு பார்ப்பது நல்லது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: ஆடியில் தள்ளுபடி கிடைக்கும், தையில் பத்திரம் போடுங்கள் என்பார்கள். சென்னைப் பக்கம் வாங்குபவர் கார்த்திகையில் பார்ப்பதுதான் நல்லது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகள் என்ன ஆயின என்பதை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலம் வரை காத்திருக்க முடியாவிட்டால் கீழ்த்தளச் சுற்றுச்சுவரிலும் மின்மானிப் பெட்டிக்குக் கீழேயும் நீர் நின்ற கோடு இருக்கிறதா, அண்மையில் அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளை அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு காவலாளியிடம், அந்தப் புயல் நாட்களில் குடியிருப்பவர்கள் தங்கள் வண்டிகளை எங்கே கொண்டு போய் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். 'இங்கேயேதான்' என்று உடனே பதில் வந்தால் மேலே ஏறிப் போய் வீட்டைப் பாருங்கள்.